எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவர்

உருத்திரமூர்த்தி அண்ணை ஒரு படத்தை எப்போதும் இடது ஓரத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். நடுவில் புகை கக்கிக்கொண்டு நிற்கும் பெரிய நீராவி எஞ்சினை அவர் கண் சட்டை செய்யாது. முதலில் ஓரத்து மரங்கள், பிறகு பனி, பிறகு மரப்பாலத்தின் கால்கள். சுட்டுவிரல் திரையில் படாமல் நூலிடை விட்டு நகர்ந்துகொண்டே வந்து, எங்கோ ஓரிடத்தில் நிற்கும்.

"பொறுங்கோ தம்பி, மாத்திப்போடாதேங்கோ. இதிலை ஒரு ஆள் நிக்குது."

அதே தெருவில் குடியிருக்கும் நான் குனிந்து பார்ப்பேன். பாலத்தின் நிழலுக்குள், கரியோடு கரியாக, கையில் வாளியுடன் ஒருவன். நூறு வருடங்களுக்கு மேலாக அங்கே நிற்கிறான். அதுவரை நான் அவனைக் கண்டிருக்கவில்லை.

இவை மேற்குக் கனடாவின் ரயில் பாதைகளைப் பற்றிய பழைய படங்கள். ரொக்கி மலைகளுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரின் காப்பகம் அவற்றையும் பழைய ஆவணங்களையும் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. மலையைக் குடைபவர்கள், பனி அள்ளுபவர்கள், தண்டவாளம் சுமக்கும் சீனத் தொழிலாளர், கவிழ்ந்து கிடக்கும் பெட்டிகள். ஜெர்மனியின் ஹம் நகரில், ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை இவற்றோடு உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படங்களின் கீழே அடிக்கடி வரும் சொற்களை மட்டும் முகம் பார்த்து அடையாளம் காண்பதுபோல் கண்டுகொள்வார். எஞ்சின். பாலம். பனி. இன்னொன்று, 'அன்ஐடென்ரிஃபைட்'. அதை மூன்று துண்டாக உடைத்துத்தான் சொல்லுவார்.

"பேர் தெரியாது எண்டதை எவ்வளவு நீட்டுச் சொல்லாலை சொல்லுறாங்கள் பாருங்கோ."

அறுபத்துநாலு வயது. ஒல்லியான ஆள். வேலைக்குப் போடும் செம்மஞ்சள் அங்கியைக் கழற்றிய பிறகும் அதைப் போட்டிருப்பவர்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். பிராந்திய ரயில்கள் வந்து தரிக்கும் பணிமனையில் பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை. இருக்கைகளுக்கு அடியில் ஒற்றைக் கையுறை கிடந்தால் குப்பைப் பையில் போடமாட்டார். ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிவிடுவார். "தேடி வருவினம்" என்பார். அவருடைய தொலைபேசியில் ஹம் நகரின் காலநிலை இல்லை. கனடா மலைகளுக்குள் இருக்கும் அந்த ஊரின் காலநிலைதான் இருக்கிறது. இங்கே வெயில் எரிக்கும் நாளிலும் சக தொழிலாளிகளிடம், "அங்கை இண்டைக்கு நல்ல பனி" என்று சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்குவார். அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மகன் மதீசன் ஹம்மில் பிறந்தவன். சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்ட்டின் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்த கையோடு ரொறன்ரோவிலுள்ள தாய்மாமனைப் பார்க்கப் போனான். அங்கிருந்து மேற்கே ஒருமுறை ரயிலில் போனவன் மலைகளைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டான். சில வருடங்களில் ஒரு சரக்கு ரயில் கம்பனியில் கண்டக்டரானான். டிக்கெட் வெட்டும் கண்டக்டர் அல்ல. சாரதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பின்னால் வரும் அத்தனை பெட்டிகளுக்கும் பொறுப்பாக இருப்பவன்.

"கோதுமை ஏத்திக்கொண்டு போவம் அப்பா. சிந்துற கோதுமையைத் தின்னக் கரடி வந்து தண்டவாளத்திலை நிக்கும். நாங்கள் ஹோர்ன் அடிச்சு அடிச்சுத்தான் போறது" என்று தொலைபேசியில் சொல்வானாம். அண்ணை அதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பார். சிரிப்பு முடிகிற இடத்தில் வாயைக் கையால் துடைத்துக்கொள்வார்.

மழைக்கால இரவொன்றில் மலையிலிருந்து பாறை சரிந்து பாதையில் விழுந்தது. வளைவைத் தாண்டி வந்த எஞ்சின் அதில் மோதி ஆற்றுப் பக்கம் சரிந்தது. சாரதி தப்பினார். மதீசன் இல்லை. அண்ணை அதற்கு 'செத்தது' என்ற சொல்லை வைப்பதில்லை. "அது நடந்த பிறகு" என்பார்.

அவன் உடல் இருந்த பெட்டி பிராங்பேர்ட்டுக்கு விமானத்தில் வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கமலாம்பிகை அக்கா பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, "ஒருக்கா, ஒரேயொருக்கா" என்று கேட்டதை அங்கு நின்ற எல்லோரும் கேட்டோம். யாரும் திறக்கவில்லை. சாம்பலை நெதர்லாந்துக் கடலில் கரைத்தார்கள். எனவே கல்லறை என்று ஒன்று இல்லை. போய் நிற்க ஓர் இடம் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. மகள் ஆதிரை டோர்ட்முண்டில் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறாள். வந்திருந்து, தகப்பனுக்குப் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். முன் எஞ்சினின் இலக்கம் இருந்தது. இரண்டாவது எஞ்சினின் இலக்கமும் இருந்தது. பெட்டிகள் எத்தனை, வேகம் என்ன, ஆற்றில் கொட்டிய கோதுமை எத்தனை தொன், பாறையின் எடை என்ன, எல்லாம் இருந்தது. மதீசனைப் பற்றி, 'கண்டக்டர் மரண காயங்களுக்கு உள்ளானார்' என்ற ஒரு வரி மட்டும்.

"பேர்?" என்று கேட்டிருக்கிறார்.

"பேர் போடமாட்டினம் அப்பா. அது அவையின்ரை முறை. ஆரின்ரை பேரும் போடுறேல்லை."

"எஞ்சினுக்கு நம்பர் போட்டிருக்கினம்."

"ஓம்."

"கல்லுக்கு நிறை போட்டிருக்கினம்."

ஆதிரை அறிக்கையை மூடி வைத்தாள். அறிக்கையில் பெயர் இல்லை என்பதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் தகப்பன் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பாதையைக் கண்ணாலாவது காண வேண்டும் என்று தேடப் போய்த்தான் காப்பகத்தின் படங்களுக்குள் விழுந்தார். முதலில் அந்த வளைவைத் தேடினார். பிறகு ஆட்களைத் தேடத் தொடங்கினார். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். கவிழ்ந்து கிடக்கும் எஞ்சின் ஒன்றின் படம். கீழே எஞ்சினின் இலக்கமும் வருடமும். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணையின் விரல் அவர்களையெல்லாம் தாண்டிப் போய் வலது மூலையில் நின்றது. அங்கே ஒருவன் மட்டும் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருக்கிறான்.

"உவன் ஏன் தம்பி இந்தப் பனிக்குள்ளை தொப்பியைக் கழட்டினவன்?"

நான் இன்னும் குனிந்து பார்த்தேன்.

"உதுக்குக் கீழை ஆரோ கிடக்கினம்" என்றார் மெதுவாக. "இன்னும் எடுக்கேல்லை."

அந்தப் படத்தைப் பற்றித்தான் முதன்முதலாகக் காப்பகத்துக்கு எழுதினார். அவர் தமிழில் சொல்ல, ஆதிரை ஆங்கிலத்தில் எழுதினாள். அங்கே பொறுப்பாக இருக்கும் ஜூலியன் என்பவர் பதில் போட்டார். தேடிப் பார்த்தேன், இறந்தவரின் பெயர் எங்களிடம் இல்லை, மன்னிக்கவும் என்று. அண்ணை விடவில்லை. வாளியோடு நிற்பவன் யார், பனி அள்ளுபவர்களில் கடைசிப் பையன் யார் என்று மாதத்துக்கு ஒன்றாவது எழுதுவித்தார். ஜூலியனும் சளைக்காமல் தேடி, தெரியாது என்று எழுதினார். ஒரே ஒருமுறை ஒரு சமையற்காரரின் பெயர் கிடைத்தது. அன்று அண்ணை தெருவில் என்னை மறித்து அந்தப் பெயரைச் சொன்னார், தேர்வில் பாஸான பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல.

பிறகு ஒருநாள் ஜூலியன் கேட்டார், உங்களுக்கு ஏன் இந்த ஆட்கள்மீது இவ்வளவு அக்கறை என்று. அண்ணை மகனைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நெடுநேரம் கழித்து ஆதிரை எழுதினாள். வந்த பதிலில் ஒரு கோரிக்கையும் இருந்தது. எங்கள் காப்பகம் பழைய காலத்துக்கு மட்டுமானதல்ல, உங்கள் மகனின் படம் ஒன்றை அவர் பெயரோடு அனுப்புவீர்களா?

அன்றிரவே அவர் மனைவியிடம் கேட்டார். கமலாம்பிகை அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். அதிர்ந்து பேசாதவர். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்ரை பிள்ளை பழைய சாமானோ? நூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவையோடை கொண்டுபோய் வைக்கப் போறியளோ?"

"பேரோடை வைக்கிறாங்களாம், கமலா."

"பிறந்த வருஷம் போட்டுக் கோடு இழுத்து மற்ற வருஷமும் போடுவாங்கள். தெரியும் எனக்கு. நான் முகம் பாக்கேல்லை. முகம் பாக்காத பிள்ளைக்குச் செத்த வருஷம் எழுத என்னாலை ஏலாது."

அதன்பின் அண்ணை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜூலியனுக்கும், இப்போது முடியாது, தாய் சம்மதிக்கவில்லை என்று எழுதுவித்தார். அவரிடம் மகனின் படங்கள் இருந்தன. மறைத்து அனுப்பியிருக்கலாம். "அது களவு" என்று என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் படங்களோடு இருப்பதை நிறுத்தவுமில்லை. அக்கா குறுக்கே போகும்போது திரையைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொள்வார். அவ்வளவுதான். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

சென்ற மார்கழியில் ஒரு மத்தியானம் அக்கா தேநீரோடு வந்தவர் போகாமல் நின்றிருக்கிறார். இதை அண்ணைதான் எனக்குச் சொன்னார். திரையில் ஒரு சுரங்க வாயிலும் அதன் முன் வரிசையாக ஆட்களும்.

"உவையின்ரை பேர் என்ன?"

"தெரியாதாம்."

"ஒருத்தற்றையும்?"

"ஒருத்தற்றையும் தெரியாதாம்."

அக்கா அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு கேட்டார். "எங்கடை பிள்ளையைப் பற்றி அந்த ரிப்போட்டிலை என்ன எழுதினவங்கள்? நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை."

அண்ணைக்குப் பொய் வராது. "கண்டக்டர் எண்டு போட்டிருக்கினம்" என்றார்.

"பேர்?"

"போடேல்லை."

அக்கா தேநீரை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து அண்ணையின் தொலைபேசி ஒருமுறை ஒலித்தது. அடுத்த அறையிலிருந்து மனைவி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு சொல்லும் இல்லை. சிவப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில், பனிக்குள், காதுவரை தொப்பி இழுத்துவிட்ட மதீசன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கடைசி வாரத்தில் தாய்க்கு மட்டும் அனுப்பிய படம். அப்படியொன்று இருப்பதே அண்ணைக்குத் தெரியாது.

ஆதிரை சனிக்கிழமை வந்து ஜூலியனுக்கு எழுத உட்கார்ந்தாள். பெயர், ஊர், பிறந்த வருடம் எல்லாம் அடித்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா, ஒவ்வொரு பத்திரத்திலையும் நான்தான் இதை அடிச்சனான். பாங்க், காப்புறுதி, பாஸ்போட் எல்லாத்திலையும். நான் அவன்ரை தங்கச்சி அப்பா. இனி என்னாலை ஏலாது."

அண்ணை அவள் தலையைத் தடவிவிட்டு, அவளை எழுப்பி, தானே உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அந்த வருடத்தின் இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார்.

படத்தோடு ஒரு வேண்டுகோளும் போனது. காப்பகத்தின் வழக்கப்படி எஞ்சினின் இலக்கம்தான் முதலில் வரும். அது பேருக்குப் பிறகு வரட்டும் என்றார் அண்ணை. வாசலில் நின்றபடியே அக்காவும் ஒன்று சொன்னார்: "தமிழிலையும் எழுதச் சொல்லு பிள்ளை." ஜூலியன் இரண்டுக்கும் சரி என்று எழுதினார்.

தை மாதத்து ஞாயிறொன்றில் அந்தப் பக்கம் இணையத்தில் வந்தது. நான் போனபோது ஆதிரையும் இருந்தாள். முதலில் பெயர், ஆங்கிலத்திலும் தமிழிலும். பிறகு ஹம், ஜெர்மனி. பிறகு இரண்டு வருடங்கள். எஞ்சினின் இலக்கம் எல்லாவற்றுக்கும் கீழே. அண்ணை இந்தமுறை இடது ஓரத்திலிருந்து தொடங்கவில்லை. படத்தைப் பார்க்கவேயில்லை. தொடுதிரைக் கணினிப் பலகையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

கமலாம்பிகை அக்கா கோதுமை மா குழைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். இரண்டு விரல்களைத் திரையில் வைத்து மெல்ல விரித்தார். பனி வெளியே போயிற்று. மலை போயிற்று. எஞ்சின் போயிற்று. தொப்பியும் போயிற்று. திரை முழுவதும் முகம் மட்டும் நின்றது. அக்கா தன் முகத்தை அதற்கு அருகே கொண்டுபோனார், மூச்சு கண்ணாடியில் படியும் அளவுக்கு.

அப்படியே நின்றார். பலகையின் பாரத்தில் அண்ணையின் கைகள் மெல்லத் தாழத் தொடங்கின. பக்கத்தில் மேசை இருந்தது. ஆதிரை அதில் கிடந்த தட்டுகளை விலக்கி இடம் செய்து, "வையுங்கோ அப்பா" என்றாள். அவர் வைக்கவில்லை. தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.