அடைபட்ட நீரைத் திறந்துவிட்டாள் மாரியம்மா

அம்மனை நம்பும் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் என் கணவர் முத்தையாவுக்குச் சிறுநீர் நின்றுபோனது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர். கால் பெருவிரல் வீங்கி வலிக்கும். வாதம் என்று வருடக்கணக்கில் எண்ணெய்தான் தேய்த்தோம். அந்த வாரம் முகம் ஊதியது. விக்கல் நிற்கவில்லை. சோற்றைக் கண்டாலே வாந்தி. கடைசியில் என்னையே "யாரு நீ?" என்று கேட்டார்.

தோட்டத்து லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் சோதித்தார்கள். யூரியா, கிரியாட்டினின் எல்லாம் எக்கச்சக்கம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தங்கிவிட்டது என்று தாதி சிங்களத்தில் சொன்னார். சொந்தக்காரர்களை வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் வரக்காப்பொல ஊர்க்காரர் ஒருவர். அவருக்கும் சிறுநீரகம்தான். அவர் மனைவி சோமா எனக்குத் தேநீர் வாங்கித் தந்தாள். அன்று மத்தியானம் அவள் புருஷன் இறந்துபோனார்.

நான் வார்ட்டுக்கு வெளியே சுவரில் தலையை முட்டி அழுதேன்.

"தாயே, வேற ஒன்னும் கேக்கல. என் மனுசனுக்கு ஒன்னுக்கு வந்தா போதும்."

சாமியிடம் கேட்கிற வரமா இது? எனக்கு அதுதான் வாயில் வந்தது.

பின்னேரம் வேறொரு டொக்டர் வந்தார். யூரிக் அசிட் மட்டும் ஏன் இப்படித் தாறுமாறாக ஏறியிருக்கிறது என்று யோசித்தார். கால் வீங்குமா என்று கேட்டார். பெருவிரலைக் காட்டினேன். "அப்படியென்றால் சிறுநீரகத்தில் யூரிக் அசிட் கல்லாக இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது" என்று உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். இரண்டு பக்கமும் கல் அடைப்பு. முதுகு வழியாகக் குழாய் போட்டார்கள். முதலில் இரத்தம் வந்தது. பிறகு நீர். குழாய் நுனியில் தொங்கிய பையில் அது நிறைவதைப் பார்த்துக் கை கூப்பினேன்.

மெல்ல மெல்ல யூரியா இறங்கியது. ஒரு நாள் காலையில் அவர் கண் திறந்து, "லெட்சுமி, கோழிக்குத் தீனி போட்டியா?" என்றார்.

"போட்டாச்சுங்க" என்று பொய் சொன்னேன்.

ஒரு சிறுநீரகம் செத்துவிட்டது. மற்றதும் அரைகுறைதான். இப்போது பால் வெட்டப் போவது நான். ஒவ்வொரு இரத்தச் சோதனைக்கும் உயிர் போய் வருகிறது. சோமாவும் அழுதுதான் வேண்டினாள். அவள் புருஷன் ஏன் போனார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் வீட்டில் விளக்கு அணையவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன்.

வலியோடு வீட்டில் கிடக்கிறவர்களே, இரத்தம் சோதித்துப் பாருங்கள். தாயையும் கூப்பிடுங்கள். மந்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை. அழுதாலே அவளுக்குக் கேட்கும்.