ராஜகுமாரி அன்ரியின் சிவப்புப் பொட்டு

ராஜகுமாரி அன்ரி நகப்பூச்சுப் புட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். நல்ல சிவப்பு. அவருடைய விரல்களில் ஒரு துளிகூட இருக்காது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு நகப்பூச்சு ஆகாது. இந்தப் புட்டி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. துப்பாக்கிக் கிளப்பின் தகரக் கூரையின் கீழே, சரியில்லாத மேகசினின் அடியில் ஒரு பொட்டு வைப்பதற்கு.

மேகசின் என்பது ரைஃபிளின் அடிவயிற்றில் செருகுகிற தோட்டாப் பெட்டி. ரைஃபிள் செய்த கம்பெனியே அதையும் விற்கும். வேறு கம்பெனிகளும் அதே அளவில் செய்து விற்கும். அப்படி வெளியார் செய்ததை வாங்கியவர்கள், சுடுவதற்கு முன் அன்ரியிடம்தான் நீட்டுவார்கள். ஒலிம்பிக்ஸ் சிட்னிக்கு வந்தபோது துப்பாக்கிப் போட்டியில் முதலுதவித் தொண்டராக நின்றவர், அடுத்த மாதமே கிளப்பில் சேர்ந்துவிட்டார்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, சிட்னியின் கிரவீனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனவர். கோயிலில் இருநூறு வடை கேட்டால், "பாக்கலாம் லா." சுட்டும் தருவார். தீபாவளியன்று டியூட்டி மாற்றக் கேட்டாலும், "பாக்கலாம் லா." அவர் வாயால் 'இல்லை' என்று நான் கேட்டது அந்தத் தகரக் கூரையின் கீழே மட்டும்தான்.

முதலில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் குழிக்குள் சுண்டுவிரலை விடுவார். "காலி. நீங்களும் பாருங்க." பக்கத்தில் நிற்பவர் பார்த்தே ஆகவேண்டும். பிறகு மேகசினைச் செருகுவார். டிக். உடனே பிடித்துக் கீழே இழுப்பார், வரக்கூடாது. கொக்கியை அழுத்தினால் தானாகக் கையில் விழவேண்டும். கடைசியில் மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை நிரப்பி, போல்ட்டை மெதுவாக ஒரு சுற்று, வேகமாக ஒரு சுற்று.

வீட்டிலும் இதே கைதான். சோற்று டப்பாவை மூடினால் ஒரு இழுப்பு. சீட் பெல்ட்டுக்கு ஒரு இழுப்பு. "மூடினா போதாது லா. இழுத்துப் பாக்கணும்." பிறந்தநாள் விருந்துகளில் நான் இதை அவர் குரலிலேயே செய்துகாட்டுவேன். ஒருநாள் பின்னால் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் மூக்கால பேசு லா. எனக்கே பத்தல."

போன ஞாயிறு அவருடைய தம்பி நரசிம்மன் வந்தார். வேலையை விட்டுவிட்டுத் துப்பாக்கி உதிரிப்பாகக் கடை திறந்திருக்கிறார். முதல் இறக்குமதி, ஒரு பெட்டி மேகசின். அக்கா சரி என்றால் முழுப் பெட்டியையும் கிளப்பே எடுத்துக்கொள்ளும் என்று செயலாளர் பிரயன் சொல்லியிருந்தார்.

டிக். அன்ரி இழுத்தார்; வரவில்லை. தம்பி முகத்தில் சிரிப்பு. டம்மி ஓடியது. கடைசித் தோட்டா மட்டும் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அன்ரி வேறொரு ரைஃபிளில் போட்டார். அதே கவிழ்ப்பு.

"புதுசுக்கா. ஓட ஓட சரியாயிடும்."

"இன்னொன்னு எடு."

அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அன்ரி கைப்பையைத் திறந்தார்.

"பொட்டு வைக்காதக்கா," நரசிம்மன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்கறாங்க. நான் சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிடறேன். நம்ம கடைதானேக்கா."

"இல்லடா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அன்ரி, சொந்தத் தம்பிக்கும் பொட்டோ?"

"தம்பிக்கு இல்ல. மேகசினுக்கு."

பிரயன் தேநீர்க் குவளையோடு வந்து என்ன முடிவு என்று கேட்டார். நரசிம்மன் பெட்டியை மூடினார். பிறகு முதுகை நிமிர்த்தி, கூரையின் கீழே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்: பெட்டி திரும்பிப் போகிறது, இதைச் சோதித்தவர் என் அக்கா. நானும் எத்தனையோ பேரின் குரலைச் செய்துகாட்டுகிறேன். அந்த 'என் அக்கா' மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை.

அன்ரி நிமிர்ந்து பார்க்கவில்லை. பொட்டு வைத்தார். காயும்வரை ஊதினார். வலது முழங்கையை இடது கையால் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல மேகசினைத் தம்பியிடம் நீட்டினார். தம்பியின் விரல்கள் அதைச் சுற்றி மூடியதும், தன் பிடியை விடாமல், மெல்ல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.