உள்ளயிருந்து வர்ற குரல்

கேபிள் டிவி தொழில்ல, படம் நல்லா வர்ற வரைக்கும் எங்கள யாரும் நினைக்கமாட்டாங்க. நின்னுபோச்சுன்னா எங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் சேத்து நினைப்பாங்க. நீங்களும் ஒண்ணு அப்படித் திட்டியிருப்பீங்க, இல்ல எங்கள மாதிரி திட்டு வாங்கியிருப்பீங்க.

நெல்லித்தோப்புல எங்க லோக்கல் சேனல்ல சாயங்காலம் நாலு மணிக்கு 'நாலு போர்ஷன்'னு பழைய காமெடி சீரியல் ஓட்டறது என் வேல. அதுல ஒரு வாட்ச்மேன் வருவான். அவன் பொண்டாட்டி முகத்த ஒரு தடவகூட காட்டமாட்டாங்க. கதவுக்குப் பின்னாலேருந்து "யோவ், சோறு ஆறுது!"ன்னு குரல் மட்டும் வரும். ஜனங்க அதுக்கே சிரிக்கும். வாட்ச்மேனுக்குப் பேரு வந்துட்டதால, அந்தக் காலத்துலயே பாதியில அவனப் பிரிச்சு 'வாட்ச்மேன் குடும்பம்'னு தனி சீரியல் எடுத்துட்டாங்க.

தனியா போனவன்

எங்க லைன்ல ஒரு சொல்தா இருக்காரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவர எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். பசங்க ரெண்டு பேரும் பாரிசுல. ஒருநாள் போன் பண்ணி, "எங்கடா வாட்ச்மேனு? நாலு நாளா ஆளக் காணோம், கட் பண்றியா?"ன்னு சத்தம் போட்டாரு.

"இல்லீங்க ஐயா, அவருக்குத் தனி சீரியல் குடுத்துட்டாங்க. இனிமே இதுல வரமாட்டாரு"ன்னேன். சத்தத்தக் கொறச்சு மெதுவா சொன்னாரு: "போறப்ப 'அப்பப்ப வந்து தலைய காட்டறேன்'னு சொல்லியிருப்பானே? எல்லாரும் அப்படித்தான்டா சொல்றானுங்க."

கதவுக்குப் பின்னால

மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆன தெய்வநாயகம் வீட்டுல படம் விட்டு விட்டு வருதுன்னு போனேன். அவரு சம்சாரம் வல்லியம்மா டிவி முன்னால சேர்ல உக்காந்திருந்தாங்க. உள்ளேருந்து அவரு குரல்: "வல்லி, டீ போடட்டா?" இந்தம்மா திரும்பாமலே, "சக்கரைய அள்ளிக் கொட்டாதீங்க, காலைல பாயசமா இருந்துச்சு"ன்னாங்க.

டீ வந்துச்சு, ஆளு வரல. சமையக்கட்டு கதவுக்குப் பின்னால நின்னுகிட்டு, டம்ளர மட்டும் என்கிட்ட நீட்டி, "அவகிட்ட குடு தம்பி"ன்னாரு. "ஏன் ஐயா, நீங்களே குடுக்கலாமே?"ன்னேன். என்னக் கதவோரமா இழுத்துக் காதுல சொன்னாரு: "மறதி வந்ததுலேருந்து என் மூஞ்சிய பாத்தா யாரோ திருடன்னு கத்துறா தம்பி. குரல் மட்டும் கேட்டா நான்தான்னு தெரியுது. உன் சீரியலப் பாத்துதான் எனக்கே இந்த யோசன வந்துச்சு."

முகத்தக் காட்டின அன்னிக்கு

பழைய 'நாலு போர்ஷன்' ஓடி தீந்துபோச்சு. 'வாட்ச்மேன் குடும்பம்' போடச் சொன்னாரு முதலாளி. போட்டேன். முதல் எபிசோட்லயே பொண்டாட்டி கதவத் தொறந்துகிட்டு வெளிய வந்து நின்னா. போன் மேல போன். எல்லாருக்கும் ஒரே குறை, நாங்க நினைச்ச மூஞ்சி இது இல்லன்னு.

மறுநாள் தெய்வநாயகம் ஆபீசுக்கே வந்துட்டாரு. அவரு வீட்ட விட்டு வந்து நான் பாத்ததே இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ண உக்கார வச்சிட்டு வந்திருந்தாரு. "அந்தப் பொம்பள வெளிய வந்துட்டால்ல, இப்ப வல்லி என்னையும் வெளிய வாங்கன்னு கூப்பிடறா, பழசையே போடு தம்பி"ன்னாரு.

முதலாளி, "ஒரு வீட்டுக்காக ஊருக்கே பழச ஓட்டணுமா?"ன்னாரு. தெய்வநாயகம் அவரப் பாக்காம என்னையே பாத்து சொன்னாரு: "வெளிய வந்தேன்னா, உள்ள இருக்கற நானும் இல்லாமப் போயிடுவேன் தம்பி."

விருந்தாளி

முதலாளி முறைச்சுகிட்டே, "சரி, முதல்லேருந்து போட்டுத் தொல"ன்னுட்டாரு. சொல்தாவுக்கும் வாட்ச்மேன் திரும்பி வந்துட்டான். ஆனா வல்லியம்மா மறக்கல. எதஎதையோ மறந்தவங்க, இத மட்டும் பிடிச்சுகிட்டாங்க. நான் ஒயர் மாத்திகிட்டிருந்த அன்னிக்கு, "உள்ளயே என்னங்க பண்றீங்க, வெளிய வாங்களேன்"ன்னு கெஞ்சுற மாதிரி கூப்பிட்டாங்க. அழுதுடுவாங்க போல இருந்துச்சு.

அவரு தல சீவிகிட்டு, வெள்ள சட்ட போட்டுகிட்டு வந்தாரு. எதுத்தாப்புல நின்னாரு. நான் ஒயர விட்டுட்டேன். அந்தம்மா கத்தல. ஏற எறங்கப் பாத்தாங்க, முந்தானைய இழுத்து விட்டுகிட்டாங்க. "உக்காருங்க, அவரு உள்ளதான் இருக்காரு"ன்னாங்க. அவரும் சேர் நுனியில உக்காந்தாரு, வேற வீட்டுக்கு வந்தவரு மாதிரி. அந்தம்மா சமையக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தாங்க: "ஏங்க, ஆளு வந்திருக்காங்க, ஒரு டீ சேத்து போடுங்க!"

படம் இல்லாம சத்தம் மட்டும் வந்தா அது எங்க தொழில்ல கம்ப்ளெயின்ட்டு, ஆனா டீ போட அவரு எழுந்து உள்ள போனத பாத்ததுலேருந்து அந்த ஒரு வீட்டுல மட்டும் நான் அத ரிப்பேர்னு சொல்றதில்ல.