உயிரோடிருந்தவருக்குப் போட்ட மாலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள்; அதில் ஒன்று தங்கையின் பிள்ளை. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன்.

ஊரை விட்டுப் பாரிசுக்கு வந்த புதிதில், லா சப்பல் பகுதியில் ஒரு ஹங்கேரி நாட்டு அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். அவருக்குத் தொண்ணூறு வயதாகிக்கொண்டிருந்தது. ஒருவரும் தேடி வருவதில்லை. நாலாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே ரயில்கள் போகும்; இரட்டைக் கண்ணாடி, சத்தமே கேட்காது. மத்தியான வெயிலில் அந்த வீடு தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருக்கும்.

சுவரில் ஒரு படம். கண்ணில் மை தீட்டிய இளம்பெண். செத்துப்போன மகளாக்கும் என்று நினைத்தேன். தூசி தட்டும்போதெல்லாம் மனம் கேட்காது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களின் கடையில் மல்லிகைச் சரம் வந்திருந்தது. வாங்கிப்போய்ப் படத்துக்கு மாலையாகப் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

அந்த மணத்துக்கு எழும்பி வந்த அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "முவா, முவா" என்றார். நான், நான் என்று.

உயிரோடிருப்பவரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டேனே!

"ஐயோ அம்மாளாச்சி, தெரியாமச் செய்து போட்டன்" என்று கழற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தானே கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, என்னைக் கதிரையில் இருத்தினார்.

எனக்குப் பிரெஞ்சு குறைவு, அவருடையதும் இடறும். அதனால் முகத்தாலேயே சொன்னார். பேச்சில்லாத படங்களில் நடித்தவராம். ஒன்றில் நஞ்சு குடித்தார். ஒன்றில் ஆற்றில் விழுந்தார். இருந்த இடத்திலேயே அவர் மூழ்க, எனக்கு மூச்சு முட்டியது. இன்னொன்றில் போனவன் திரும்பி வரவில்லை. கண் மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றது. பிறகு படங்கள் பேசத் தொடங்கினவாம். அவர் வாயைத் திறந்து காட்டினார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் சிரித்ததையும் அவரே காட்டினார். அதோடு நடிப்பு நின்றது. பாரிசுக்கு வந்து கண் தெரியும் வரைக்கும் சட்டை தைத்தாராம்.

நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது, படத்தைக் காட்டித் தன் கண்களை மூடினார். திறந்து, மாலையைப் படத்தில் போட்டார். தான் செத்த பிறகும் போடச் சொல்கிறார்.

"ஓம் அம்மா" என்று தலையாட்டினேன். அந்த 'ஓம்' அவருக்கு விளங்கியது.

அடுத்த குளிர்காலம் இறந்துபோனார். வீட்டைக் காலி செய்தவர்கள் படத்தைத் தெருவில் குப்பையோடு வைத்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு, நாங்கள் இருந்த லா கூர்னெவ் வரைக்கும் ரயிலில் மடியில் வைத்தபடி வந்தேன். இன்றுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் மாலை தப்பவிடவில்லை.

வருகிறவர்கள், "ஆரக்கா இவ?" என்பார்கள்.

"அம்மாவின்ரை வெள்ளைக்கார மாமி" என்று மகன் பகிடி விடுவான். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்; யார் என்று சொன்னதில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்: எனக்குப் பிறகு இந்தப் படம் மறுபடியும் தெருவுக்குத்தானே போகும்? அதற்காகத்தான் எழுதினேன்.

மகனின் மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் பழகியவள்.

"இஞ்சை வா, பிள்ளை. படத்துக்கு முன்னாலை இருந்து இதை ஒருக்கா வாசி. பிழை கிடந்தாப் பிறகு திருத்துவம்."