மறுத்துப் பேசாத மாப்பிள்ளை

அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வைபவம் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில்தான் நடந்தது. பெண் பிறந்து வளர்ந்தது பாரிசில், மாப்பிள்ளை அமெரிக்காவில். இரண்டுக்கும் நடு லண்டன்தான் என்றார் அக்கா. என் அக்கா சொன்னால் உலக வரைபடமும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும். மாப்பிள்ளையோ வேலை விஷயமாக லண்டன் வந்து குட்மேய்ஸில் தன் சித்தி வீட்டில் நின்றார். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அவர் சப்பாத்தைக் கழற்றும்போதே பாராட்டத் தொடங்கிவிட்டார். கால்மிதி ஓசம். திரைச்சீலை அமேசிங். என் மனைவியின் மீன் ரோல்ஸைக் கடிக்கும் முன்னரே, வாழ்நாளில் இப்படியொன்றைச் சாப்பிட்டதில்லை என்றார். என்னிடம் என்ன வேலை என்று விசாரித்தார். கவுன்சிலில் பார்க்கிங் பிரிவு என்றேன். "வாவ், எவ்வளவு சுவாரசியம்!" என்றார். அந்த வேலையை என் மனைவிகூட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே பெண்ணைக் கொடுக்க நான் தயார்.

அக்காவின் மகள், அதாவது என் மருமகள், வேறு ரகம். லண்டன் அழகான நகரம் என்று மாப்பிள்ளை சொன்னார். "இல்லை" என்று தொடங்கினாள். அவர் தன் வேலையை உயிராக நேசிப்பதாகச் சொன்னார். வேலையை நேசிப்பவர்களுக்கு வீட்டில் ஏதோ குறை இருக்கும் என்றாள். அவர் வசனத்தை முடிக்குமுன் குறுக்கே பாய்ந்தாள். கையை வீசினாள், தேத்தண்ணிக் கோப்பை ஆடியது. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பற்கள் தெரியச் சிரித்து, "மிக நல்ல கருத்து" என்றார். நாங்களோ லண்டன்காரர், மழை வருமா வராதா என்பதைத் தாண்டி விருந்தினரோடு பேசிப் பழக்கமில்லை. பேசாமல் வடையைத் தின்றோம்.

அக்கா மகளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"வாயை மூடிக்கொண்டிரன் பிள்ளை! வந்த சம்பந்தத்தையும் துரத்தப் போறியே?"

"நான் நல்லாத்தானே கதைக்கிறன், அம்மா!"

அவள் முகம் சிவந்திருந்தது, கோபத்தில் அல்ல. பாரிசில் ஆளை மதித்தால்தான் எதிர்த்துப் பேசுவார்களாம். பிடிக்காதவனுக்காக யார் மூச்சைச் செலவழிப்பது? இதற்கு முன் வந்த மாப்பிள்ளைக்கு அவள் கொடுத்ததெல்லாம் "அப்படியா" மட்டும்தான். இவரோடு இரண்டு மணித்தியாலம் மல்லுக்கு நின்றாள். முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அக்காவின் மகளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. அது எனக்கு விளங்கியதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

போகும்போது மாப்பிள்ளை எல்லோரையும் கட்டிப்பிடித்தார். கட்டாயம் திரும்பச் சந்திப்போம் என்றார். ஊர்வழக்கப்படி நாங்கள் கணக்குப் போட்டோம்: பெடியன் எல்லாவற்றையும் நல்லது என்றுவிட்டான், ஆகவே சம்மதம்; பெண்ணின் வாயை மட்டும் கலியாணம் வரைக்கும் கட்டிவைத்தால் போதும். அக்கா பாரிசுக்குத் திரும்புமுன் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையிடமிருந்து எனக்கொரு செய்தி வந்தது. எங்கள் குடும்பம் அற்புதமாம். மருமகள் அபார அறிவாளியாம். அவளுடைய எதிர்காலம் சிறப்பாக அமைய மனமார வாழ்த்துகிறாராம். இவ்வளவு இனிப்பாக ஒருவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"பாத்தியே தம்பி, என்ன மரியாதையான பெடியன்! அப்ப கலியாண ஹோலுக்குச் சொல்லட்டே?"

அது மறுப்பு அக்கா என்று சொல்லத் தொடங்கினேன். மறுமுனையில் மருமகள் தொலைபேசியை வாங்கினாள்.

"மாமா, அம்மாவுக்கு நான் சொல்லுறன். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடிப் பிள்ளை?"

"நான் வேணுமெண்டே பிழையாயும் சில விசயம் சொல்லிப் பாத்தனான். அதுக்கும் நல்ல கருத்து எண்டார். என்னோடை வாழுற யோசனை இருந்தா, ஒண்டுக்காவது இல்லை எண்டிருப்பார்."

"தெரிஞ்சுகொண்டே பிறகேன் அவ்வளவு நேரம் கதைச்சனி?"



"நிப்பாட்டினா அவர் எழும்பிப் போயிடுவாரெண்டுதான், மாமா."