மஞ்சள் வால் நீல மீன்

நண்பரே, நானே கண்டதையும் பின்னர்ச் சரிபார்த்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒருமுறை சரிபார்க்காமல் தலையசைத்தேன். ஓர் உயிர் போயிற்று.

சென்ற வாரம் காதர்பேட்டைத் துணிச்சந்தையில், மீந்துபோன ஏற்றுமதிப் பனியன் குவியலில் ஒரு குழந்தைச் சட்டை கண்ணில் பட்டது. நெஞ்சில் நீல மீன். வால் மட்டும் மஞ்சள். படத்தின் கீழே விரலகல வெறுமை. புதுத்துணி மணத்தை மீறிச் சாயப்பட்டறையின் ஆவி நெடி மூக்கில் ஏறியது.

அந்தச் சட்டையைத் தயாரித்த பனியன் நிறுவனத்தில் அச்சுப் படங்களைச் சரிபார்ப்பது அப்போது என் வேலை. வண்ணமீன் கடையில் பார்த்து எங்கள் ஓவியர் வரைந்த மீன் அது. அதன் பெயரையும் வாழிடத்தையும் கீழே அச்சிடுமாறு வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார். கடைக்காரரோ, “பவளப்பாறை மீனுங்க, அவ்வளவுதான் தெரியுமுங்க” என்றார். இத்தகைய மீன்கள் பல. மஞ்சள் நிறம் வாலோடு நிற்கிறதா, வயிற்றுக்கும் பரவுகிறதா என்று பார்த்தே சிலவற்றைப் பிரித்தறிய இயலும். ஒற்றுப்பிழைக்கே உறக்கம் கெடுபவன் நான்; விடுவேனா? மீனையே வாங்கி வந்துவிட்டேன். கட்டைவிரல் நீளந்தான்.

பையிலிருந்த நீர் கலங்கியிருந்தது. எங்கள் சாயப்பட்டறை மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், தண்ணிய மாத்துனாத் தெளிவாத் தெரியுமுங்க. கடல் மீனுக்கு உப்புத்தானுங்களே வேணும்? நம்மகிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்குது!”

“அளவு சரியா இருக்குமுங்களா மாஸ்டர்?”

“தராசுல போடறனுங்க. ஒரு கிராம் தப்புனா எம்பேர மாத்திக்குங்க.”

அளவைக் கேட்டேன். எந்த உப்பு என்று கேட்காமலே தலையசைத்தேன்.

அவர் உப்புக் கரைத்த கண்ணாடிக் குடுவையில் விட்டதும் மீன் சுழன்றது, வாய் பிளந்து மேலே வந்தது, சாய்ந்தது. பழைய நீரை நான் கீழே ஊற்றிவிட்டிருந்தேன். அந்த நீலம் என் கண்ணெதிரே கருத்தது. துணியில் நிறம் பிசகினால் பட்டறை அதிரக் கத்துகிற மாஸ்டர், “ஷேடு மாறுதுங்களே சார்... ஷேடு மாறுதுங்களே” என்று முணுமுணுத்தார்.

பிறகுதான் மூட்டையின் மேல் இருந்ததைப் படித்தேன். துணியில் சாயம் ஏறுவதற்குப் போடும் வேதியுப்பு, கடலுப்பு அன்று.

நிறம் மாறிய உடலைச் சான்றாகக் கொள்வது முறையன்று. பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டோம்.

அந்தப் பட்டறை இன்று இல்லை, மாஸ்டரும் இல்லை. மீனைக் கொன்றது உப்பா, நீரைத் திடீரென மாற்றியதா, அறியேன். அதன் பெயர் தெரியாது. எந்தக் கடலின் எந்தப் பாறையிலிருந்து பிடித்து வந்தார்கள் என்பதும் தெரியாது.