சூடு பார்க்கும் கால்

பேண்ட்டின் வலது காலை மட்டும் முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் ரெமிஹியோ போஹோர்க்கெஸ். வண்டி நகரவில்லை, என்ஜின் மட்டும் உறுமுகிறது. பிற்பகல் மூன்று மணி. பாலைவன ஊரான எர்மோசியோவில் ஆகஸ்டு மாதத்து மூன்று மணிக்கு நாய்கூடத் தெருவைக் கடக்காது. யாராவது வாயைத் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். ஐந்து நிமிடம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, தன் முழங்காலுக்குக் கீழே ஒரு வட்டம் போட்டு, "இங்க எரியுது உன் வண்டி" என்பார். வண்டிக்காரன் எங்கே என்று சொல்லத் தெரியாமல் நான்கு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

வயது அறுபத்தொன்று. நெடிய உருவம், எங்கே நின்றாலும் எதன்மீதாவது சாய்ந்துதான் நிற்பார். சிமெண்ட் ஆலையில் சூளைப் பக்கமே இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டு வெளியே வந்த மனிதர், சும்மா இருந்திருக்கலாம். வீட்டு முற்றத்தில் தகரக் கூரை போட்டு மறுபடியும் சூட்டோடு மாரடிக்க உட்கார்ந்துவிட்டார். "சூட்டுக்கு நான் பயந்தவன் இல்லப்பா, சலிச்சுப்போனவன்" என்பார். அவரிடம் வருகிறவை வடக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேரும் பழைய நெடும்பயண வண்டிகள். சோபா மாதிரி இருக்கை, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி, நடுவில் ஒரு அடுப்பு. அடுப்பை அணைக்க முடியாது. அது கக்குவதை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பதுதான் தொழில். கொஞ்சம் தோல், கொஞ்சம் அலுமினியத் தகடு, நான்கு திருகாணி இருந்தால் போதும், மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும். பதினைந்து வருஷமாகச் சூட்டில் காட்டிக் காட்டி அந்தக் காலின் உட்புறம் மயிர் முளைக்காமல் பழுப்பேறிக் கிடக்கிறது. ரொட்டி சுடும் கல்லின் பெயரான கோமால் என்பதையே அவருக்கும் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலுக்கு ஒரு வரைபடமும் உண்டு. ஊரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையைத் தூக்கிக் காலின் மேல் ஏற்றிவிட்டார். கணுக்கால் எர்மோசியோ. நடுக்காலில் சாந்தா அனா. முழங்காலுக்குக் கீழே மக்தலேனா. முழங்கால் இமூரிஸ். தொடையில் போனால் எல்லை ஊர், நோகாலெஸ். "உனக்கு சாந்தா அனாவுல ரேடியேட்டர் விசிறி ஊதுது" என்று தீர்ப்பு வரும். "உனக்கு இமூரிஸ் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, நோகாலெஸ்லதான் சுங்கக்காரன் மாதிரி பிடிச்சு வச்சுக்கறான்" என்பார். புதிதாக வருகிறவன் திருதிருவென்று விழிப்பான். இரண்டாம் முறை வரும்போது அவனே, "அண்ணே, மக்தலேனா பத்திக்கிட்டு எரியுது" என்று சொல்லிக்கொண்டே இறங்குவான்.

காற்று விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். உள்ளே வர வழி கேட்கிறார்கள், வெளியே போக வழி வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் குறை. உயரமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் பின்னால் தேங்கிய காற்றில் அவிந்துகொண்டு, "இன்னும் பெரிசா ஒண்ணு போடலாமாண்ணே?" என்று கேட்கிறவனை முதலில் வண்டியை விட்டு இறங்கச் சொல்வார். பிறகு கண்ணாடியின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிடுவார். என்ஜின் சூடு முன்னால் இழுபட்டு நெஞ்சில் அடிப்பது அதோடு நின்றுவிடும். வெயில் நாற்பதைத் தாண்டினால் மேல்சட்டையின் ஜிப்பையெல்லாம் மூடச் சொல்வார். "உடம்பை விட சூடா வர்றது காத்தா? அது அடுப்பு வாய். ஈர பனியனை உள்ள போட்டுக்கிட்டு மேல மூடு." யாரும் கேட்பதில்லை. நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு குவாய்மாஸ் சாலையில் மயங்கி விழுந்து, எழுந்து வந்தபிறகு கேட்கிறார்கள். அப்போதும் பாதிதான் கேட்கிறார்கள்.

நாற்பத்தேழு டிகிரி வெயிலில் கொதிக்கக் கொதிக்கக் காபி குடிப்பார். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுச் சிமெண்ட் தரையில் தலையணை இல்லாமல் படுப்பார். மனைவி அம்பாரோ கூலரைப் போட்டால் எழுந்துபோய் அணைப்பார், அவர் தூங்கியதும் அவள் போடுவாள். முப்பத்தாறு வருஷமாக இது நடக்கிறது.

கால் மட்டும் கொஞ்ச நாளாகச் சரியில்லை. சர்க்கரை வந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. பாதம் மரத்தபோது வயசாகிறது என்று விட்டுவிட்டார். ஈஸ்டர் வாரத்தில் எர்மோசியோவில் உணர்ச்சி போயிருந்தது. ஜூனில் சாந்தா அனா. ஆகஸ்டில் மக்தலேனாவிலிருந்தும் தகவல் நின்றுவிட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரிடம் சொல்வது? கால்தான் அவர் கடைக்குப் பெயர்ப்பலகை.

ஜூன் மாதம் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா ஐயா?" என்று கேட்டாள். அவள் குனியும்போதெல்லாம் நாற்காலி கிரீச்சிட்டது. மனிதருக்கு அது போதும். கிரீச் என்றால், "தெரியுது" என்றார். பத்துக்குப் பத்து. டாக்டரம்மா இழையை மேஜைமேல் வைத்துவிட்டு, "கடைசி நாலு தடவை நான் தொடவே இல்லைங்க ஐயா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அவளும் காலையிலிருந்து அறுபது பேரைப் பார்த்திருப்பாள். "இந்தக் கால்ல இனிமே ஒரு தீக்காயம் பட்டுப் புண்ணாச்சுன்னா, கால் தங்கும்னு என்னால சொல்ல முடியாது." வீட்டுக்கு வந்து அம்பாரோவிடம், "எல்லாம் நல்லா இருக்காம்" என்றார்.

ஈஸ்டரிலிருந்து பதினொரு வண்டிகளை நினைவிலிருந்தே முடித்துக் கொடுத்திருந்தார். கண்ணை மூடுவார், ஐந்து நிமிடம் சும்மா உட்காருவார், இந்த மாடல் என்றால் இங்கேதான் என்று வட்டம் போடுவார். ஒருவன்கூடத் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. அதில் அவருக்கு நிம்மதி இருந்திருக்க வேண்டும். இல்லை, கால் இல்லாமலே தொழில் நடக்கிறதே என்று உள்ளுக்குள் வலித்தது.

பன்னிரண்டாவதாக வந்தது லிப்ராதோவின் வண்டி. இரும்புக்கடை வைத்திருப்பவன், ஐம்பது வயது, எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். காற்று வரட்டும் என்று கால்களுக்கு முன்னால் இருந்த பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றான். என்ஜின் சூட்டைத் தள்ளிக்கொண்டிருந்ததே அந்தத் தகடுகள்தான்.

"நாலு நாள் அண்ணே. என் பொண்டாட்டி ஐதே மக்தலேனா கோயில் வரைக்கும் நடக்கப் போறா, வேண்டுதல். நான் தண்ணியைக் கட்டிக்கிட்டு அவ பக்கத்துலயே ஊரணும். அவ நடப்பா, நான் வேகணும்."

"யாருக்காக வேண்டுதல்?"

"எனக்காகத்தான். நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா நடந்து வரேன்னு புனிதர்கிட்ட சொல்லிட்டா."

"அப்ப நடக்க வேண்டியவன் நீ. வண்டியில வர வேண்டியவ அவ."

"அதையேதான் அவளும் சொல்றா."

அக்டோபர் நாலாம் தேதித் திருவிழாவுக்கு நடக்கிறவர்களோடு மோட்டார் சைக்கிள் சங்கத்து வண்டிகள் ஊர்ந்து போவது வருஷா வருஷம் உள்ள வழக்கம். ஓடுகிற வண்டிக்குக் காற்றாவது இருக்கிறது. நடக்கிறவள் வேகத்தில் போகிற வண்டிக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு சிலிண்டரில் முன்னது கொஞ்சம் மூச்சு விடும். பின்னது அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வேகும், அந்த வேக்காடு முழுவதும் ஓட்டுகிறவனின் வலது காலுக்கு. அதனால் இந்த வண்டிகளை மட்டும் ரெமிஹியோ நினைவிலிருந்து முடிக்க முடியாது. தகடுகளைத் திரும்ப மாட்டி, கண்ணை மூடி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பத்து நிமிடமானது. கால் ஒன்றும் சொல்லவில்லை. சாந்தா அனாவில் ஒரு வட்டம் போட்டார், தோல் வைத்துத் தைத்தார், "போ, ஆத்துத்தண்ணி மாதிரி இருக்கும்" என்று அனுப்பினார்.

மறுநாளே லிப்ராதோ வந்து நின்றான். முழங்காலுக்குக் கீழே சிவந்து கன்றியிருந்தது. "மக்தலேனா வெந்துபோச்சுண்ணே."

"உனக்குக் குழந்தைத் தோலு. இறங்கு." ரெமிஹியோ பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏறி என்ஜினைப் போட்டார். வெறும் காலைத் தோல் மறைப்பின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தார். நடுவில் காபி வேறு வாங்கிக் குடித்தார். "இதோ உக்காந்திருக்கேன். எனக்கு ஏதாவது ஆச்சா?"

லிப்ராதோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உங்களை மாதிரி முடியுமாண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவரைக்காயைத் தாளித்துக்கொண்டிருந்த அம்பாரோ தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் ஒற்றைக் காலின் ஈரத் தடம்.

"கிழவா, கால்ல என்ன?"

"என்ன?"

அவர் குனிந்து பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் வடிந்து காலுறை நனைந்திருந்தது.

"எப்பலேருந்து உனக்கு உணர்ச்சி இல்ல?"

"இன்னிக்குத்தான்."

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "ஈஸ்டர்லேருந்து" என்றார். "டாக்டரம்மா ஜூன்லயே சொன்னா. இன்னொரு புண்ணு வந்தா கால் போயிடும்னு."

"அப்ப இது?"

அவர் நனைந்த காலுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் மருத்துவமனை திறக்கும் முன்பே அம்பாரோ அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாள். முதல் நாளிலேயே வந்ததால் காப்பாற்றலாம் என்றார்கள். ஒரு மாதம், தினமும் கட்டு. தினமும் அவளே கட்டினாள், கழுவினாள், மருந்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முற்றத்துத் தகரக் கூரைக்குக் கீழே நான்கு வண்டிகள் தொடப்படாமல் நின்றன. ரெமிஹியோ அவற்றைப் பார்க்காமலிருக்க நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒருநாள், "கூரையைப் பிரிச்சுடலாம்" என்றார்.

"பிரி" என்றாள் அம்பாரோ. பதினெட்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, "ஆனா ஐதே நடக்கப் போறா. அந்த லிப்ராதோவுக்கு என்ன சொல்லுவே?" என்று கேட்டாள்.

லிப்ராதோவை வரச் சொன்னார். அவன் வந்து வண்டியை நிறுத்தியதும், உட்காரக்கூட விடாமல் சொன்னார்: "உன் தோலு குழந்தைத் தோலு இல்லடா. என்னுதுதான் செத்த தோலு."

லிப்ராதோ கட்டைப் பார்த்தான். "அப்ப மே மாசம் பார்த்துக் குடுத்தீங்களே, என் மச்சான் வண்டி?"

"அதுவும் நினைப்புலதான்."

"அவன் சொர்க்கம்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"விடு. சந்தோஷமா இருக்கான், கெடுக்காதே."

அம்பாரோ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு பழைய சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து வண்டிப் பக்கத்தில் போட்டாள். "ஏறி உக்காரு. பூட்ஸ் இருக்கட்டும். காலை வண்டியில ஒட்டாம தள்ளி வை. ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

"எதுக்கு?"

"லிப்ராதோ உசரம்தான் நீயும். கால் உன்னுது, கை என்னுது."

என்ஜினைப் போட்டார்கள். நாற்பது வருஷமாகக் கல்லில் ரொட்டியைத் திருப்பிய கையின் புறங்கையை அவள் அவருடைய காலுக்கும் வண்டிக்கும் நடுவில் விட்டு, பூட்ஸ் விளிம்பிலிருந்து மெல்ல மேலே நகர்த்தினாள்.

"இங்க இல்ல. இங்கயும் இல்ல." கை நின்றது. இரண்டு விரல் கீழே போய், மறுபடியும் மேலே வந்தது. "இங்கதான். ஊசியா வருது."

"எந்த ஊரு?"

"சாந்தா அனா தாண்டி. மக்தலேனாவுக்குக் கொஞ்சம் கீழ."

ரெமிஹியோ சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டார்.

"போடு" என்றார்.

"போட்டாச்சு" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். குனிந்து, கட்டின் மேலிருந்த அந்த வட்டத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.